வம்புக்கார எலிகள்

ஓர் ஆண் சுண்டெலியைத் தனிக் கூண்டில் விட்டு, ஒரு வாரம் கூண்டைச் சுத்தம் செய்யாமல் வைத்திருப்பார்கள். தரையில் பரப்பிய மரத்தூளில் அதன் மூத்திர வாடை ஊறிப்போகும். பிறகு முன்பின் பார்த்திராத இன்னோர் ஆணை உள்ளே இறக்கிவிட்டுக் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். வீட்டுக்காரர் முதலில் கிட்டே வந்து மோப்பம் பிடிப்பார். பின்பக்கம் போய் இன்னொரு முறை மோப்பம். வால் விறைத்து, நுனி படபடவென்று மரத்தூளில் அடிக்கத் தொடங்கும். கூண்டுக்கு வெளியே நிற்பவருக்கே அந்தச் சலசலப்பு கேட்கும். அடுத்த சில நொடிகளில் வந்தவரின் முதுகில் கடி விழும். இரண்டும் ஒரு பந்தாக உருளும். பத்து நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

முதல் கடி எத்தனையாவது நொடியில் விழுந்தது, மொத்தம் எத்தனை கடி, வால் எத்தனை முறை அடித்தது என்று குறித்துக்கொள்வதுதான் ஆய்வாளர் வேலை. தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பது இவற்றுக்கும் பொருந்தும். அதே வீட்டுக்காரரை அடுத்த கூண்டில் விருந்தாளியாக இறக்கினால் மூலையில் ஒடுங்கிக்கொள்வார். இன்னொரு நுட்பமும் உண்டு. வம்புக்குப் போகிற எலி எதிரியின் முதுகிலும் விலாவிலும் கடிக்கும். தற்காத்துக்கொள்கிற எலி எதிரியின் முகத்தைப் பார்த்துக் கடிக்கும். ஆகவே காயம் எங்கே இருக்கிறது என்று பார்த்தே யார் ஆரம்பித்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மூர்க்கத்துக்கும் மரபணுவுக்கும் மூளை வேதியியலுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் படிக்கிற செய்திகளில் பெரும்பகுதி இந்தப் பத்து நிமிடக் கணக்கிலிருந்தும் இதையொத்த சோதனைகளிலிருந்தும் வந்தவை. ‘வன்முறை மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வரும்போது பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு கூண்டும் கொஞ்சம் மரத்தூளும்தான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூண்டுக்குள் நடந்தவை தலைப்புச் செய்திகளைவிடச் சுவாரஸ்யமானவை.

பின்லாந்தின் துர்க்கு நகரில் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸ் என்ற உளவியலாளர் 1959-இல் ஓர் எளிய வேலையைத் தொடங்கினார். வெள்ளைச் சுண்டெலிகளில் சண்டைக்கார ஆண்களின் வழியைத் தனியாகவும், சாதுவான ஆண்களின் வழியைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவைத்தார். பெண் சுண்டெலிகள் சாதாரணமாகச் சண்டை போடுவதில்லை என்பதால் சண்டைக்காரனின் சகோதரியைத் தேர்ந்தெடுத்தார். மாட்டையும் நாயையும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்த அதே முறைதான். சில தலைமுறைகளிலேயே இரண்டு வழிகளும் துலக்கமாகப் பிரிந்துவிட்டன. ஒரு பக்கம் கண்டதும் பாய்கிறவை, மறுபக்கம் கடிபட்டாலும் திருப்பிக் கடிக்கத் தயங்குகிறவை. சண்டைக்குணத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

ஆனால் லாகர்ஸ்பெட்ஸ் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு பாதியும் இருந்தது. சண்டைக்கார வம்சத்தில் பிறந்த எலியைத் திரும்பத் திரும்பத் தோற்கவைத்தால் அது அடங்கிப்போனது. ஜெயித்துப் பழகிய எலியோ அடுத்த சண்டையைத் தேடி, மின்சாரம் பாயும் கம்பி வலையைக்கூடத் தாண்டிப் போனது. பரம்பரை கொடுத்ததை அனுபவம் கூட்டவும் குறைக்கவும் செய்தது. இதே லாகர்ஸ்பெட்ஸ் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டிக் கொடுமைப்படுத்துவதைப் பற்றி ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரானார். எலிக் கூண்டிலிருந்து வகுப்பறைக்கு வந்தவர், வகுப்பறையில் மரபணுவைத் தேடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் நடந்தது இதைவிட நீண்ட கதை. வெள்ளி நரிகளைப் பழக்கிய திமித்ரி பெல்யாயெவின் பெயர் பலருக்குத் தெரியும். அதே ஆய்வகத்தில் 1972 முதல் காட்டு எலிகளையும் இரண்டு வழிகளாக வளர்த்தார்கள். தடித்த கையுறை போட்ட கையைக் கூண்டுக்குள் நீட்டுவார்கள். கையைப் பொறுத்துக்கொள்பவை ஒரு வழி, பாய்ந்து கடிப்பவை இன்னொரு வழி. பல பத்துத் தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு வம்சத்து எலிகளைக் கையில் எடுத்துக் கொஞ்சலாம். மற்ற வம்சத்து எலிகளின் கூண்டருகே போனாலே அவை அலறிக்கொண்டு கம்பியில் மோதும். தாய் வளர்ப்புதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, ஒரு வம்சத்துக் குட்டிகளை மற்ற வம்சத்துத் தாயிடம் பாலூட்டவிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் மாறவில்லை. ஜெர்மனியின் லைப்சிக்கில் சுவாந்தே பாபோவின் குழுவினர் இந்த எலிகளைக் கலப்பினம் செய்து மரபணுத் தொகுதியைத் தேடியபோது, ஒரே ஒரு மரபணு அகப்படவில்லை. குரோமோசோம்களில் அங்கங்கே சில பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பங்கு என்றுதான் 2009-இல் எழுத முடிந்தது.

இதற்கிடையில் 1990-களில் புதிய கருவி ஒன்று ஆய்வாளர்கள் கைக்கு வந்திருந்தது. சுண்டெலியின் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் கருநிலையிலேயே செயலிழக்கச் செய்து, அது இல்லாமல் வளரும் எலி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் முறை. மூர்க்கத்தைத் தேடி அந்த வேலையை ஆரம்பித்தவர்கள் குறைவு. மூர்க்கம்தான் அவர்களைத் தேடி வந்தது.

அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்ததைப் பாருங்கள். மூளையில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, நரம்பணுக்களுக்கிடையே சேதி கொண்டுபோகிறது. அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணு இல்லாத சுண்டெலியைப் பாஸ்டனில் பால் ஹுவாங்கும் சகாக்களும் உருவாக்கி 1993-இல் அறிவித்திருந்தார்கள். இரைப்பை பெரிதாக வீங்கியிருந்தது. மற்றபடி பெரிய குறை எதுவும் கண்ணில் படவில்லை. பக்கவாதத்தில் மூளை எப்படிச் சேதமாகிறது என்று ஆராய்ந்துவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாலமன் ஸ்னைடர் ஆய்வகத்துக்கு அவை வந்துசேர்ந்தன. ஆண்களைச் சேர்த்து அடைத்த கூண்டுகளில் காலையில் வந்து பார்த்தால் எலிகள் செத்துக் கிடந்தன. நோய் எதுவும் இல்லை. உடம்பெல்லாம் கடிகாயம். விலங்கு நடத்தை ஆய்வாளரான ராண்டி நெல்சன் வந்து முறைப்படி சோதித்தார். அவர்கள் சேர்ந்து 1995 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சாதாரண எலி, எதிரி மல்லாந்து படுத்துச் சரணடைந்தால் விட்டுவிடும். இவை விடவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த எலிகளுக்குச் சண்டையைத் தொடங்கத் தெரிந்த அளவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மரபணு போனதால் சண்டை புதிதாக முளைத்துவிடவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் திறமை போய்விட்டது. பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் சிக்கலாக்கின. விதைகளை அகற்றினால் இந்த வெறி அடங்கியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால் திரும்பியது. பெண்களிடம் வெறி இல்லவே இல்லை. அதைவிட வேடிக்கை, குட்டி போட்ட சாதாரணத் தாய் எலி தன் கூட்டுக்கு வரும் அந்நியனைக் கடித்து விரட்டும். இதே மரபணு இல்லாத தாயோ அதில் மந்தமாக இருந்தது. ஒரே மரபணு. அது போனால் அப்பன் அடங்காப்பிடாரி, தாய் சாது. இரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் இன்னொரு நொதி இருக்கிறது. அதன் மரபணுவை நீக்கியபோது ஆண் எலிகள் சண்டையையே ஏறக்குறைய மறந்துபோயின. இப்போது சொல்லுங்கள், நைட்ரிக் ஆக்சைடு சண்டையைத் தூண்டுகிறதா, தணிக்கிறதா?

பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள ஓர்சேயில் நடந்தது சுத்தமான விபத்து. இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மரபணுவைச் சுண்டெலிக் கருவில் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலுத்திய துண்டு எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த முறையில் யார் கையிலும் இல்லை. ஒரு வம்சத்தில் மட்டும் குட்டிகள் நடுங்கின. லேசாகத் தொட்டாலே துள்ளி ஓடின. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டன. தேடிப் பார்த்தால், செலுத்திய துண்டு மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதியின் மரபணுவுக்கு நடுவே போய் உட்கார்ந்து அதைக் கெடுத்திருந்தது. வேலை முடிந்த செரோடோனின், நார்அட்ரினலின், டோபமைன் போன்ற சேதிப் பொருட்களை உடைத்து அகற்றுவது இந்த நொதியின் வேலை. அது இல்லாததால் குட்டிகளின் மூளையில் செரோடோனின் வழக்கத்தைப் போல ஒன்பது மடங்கு வரை தேங்கியிருந்தது. ஒலிவியே காஸும் சகாக்களும் 1995-இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த எலிகளின் மூளையை வெட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. சுண்டெலி மீசையால் உலகத்தைத் தடவிப் பார்க்கிற பிராணி. அதன் மூளைப் புறணியில் ஒவ்வொரு மீசை மயிருக்கும் ஒரு சின்னக் குமிழ்போன்ற நரம்புக் கொத்து, மீசையில் உள்ள அதே வரிசையில் அடுக்கியிருக்கும். இந்த எலிகளில் அந்த வரைபடமே உருவாகவில்லை. அதாவது கடிக்கிற இந்த எலிக்குத் தன் முகத்தைத் தொடுவது எது என்பதே வேறு மாதிரி தெரிகிறது. இதை மூர்க்க எலி என்று மட்டும் அழைப்பது எவ்வளவு அரைகுறை!

அதே நொதி மனிதரிடமும் உண்டு. நெதர்லாந்தின் நைமேகனில் 1978-இல் ஒரு பெண் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்து, தன் குடும்பத்து ஆண்கள் சிலர் காரணமில்லாமல் ஆவேசப்படுவதைப் பற்றிச் சொன்னார். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் 1962-இலேயே அப்படிப்பட்ட ஆண்களைத் தலைமுறை வாரியாகக் குறித்துவைத்திருந்தார். ஹான் புருன்னர் என்ற மரபியல் மருத்துவர் தொடர்ந்து தேடி, 1993-இல் காரணத்தை அறிவித்தார். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அதே நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஆண்களுக்கு நொதியே உருவாகவில்லை. லேசான அறிவுத்திறன் குறைபாடும், திடீர் ஆவேசமும், தீவைப்பு உள்ளிட்ட நடத்தைகளும் அவர்களிடம் காணப்பட்டன. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதால் அவர்கள் தப்பினார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே நொதியைத் தடுக்கும் மாத்திரைகளை மனச்சோர்வுக்காக 1950-களிலிருந்து பெரியவர்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். அவை அவர்களை அடிதடிக்காரர்களாக மாற்றிவிடுவதில்லை. கருவிலிருந்தே நொதி இல்லாமல் வளர்ந்த மூளையும், வளர்ந்தபின் நொதி தடைபட்ட மூளையும் ஒன்றல்ல.

செரோடோனின் என்றால் சாந்தம், அது குறைந்தால் கோபம் என்று ஒரு வாய்ப்பாடு பரவலாக உண்டு. அதற்கு அடிப்படை இல்லாமலில்லை. மிலானில் லூயிஜி வால்செல்லி 1960-களில் ஆண் சுண்டெலிகளைச் சில வாரங்கள் தனியாக அடைத்துவைத்தார். வெளியே விட்டதும் அவற்றில் பல கண்டதைக் கடித்தன. மூளையில் செரோடோனினின் அளவு மாறவில்லை, ஆனால் அது உருவாகிச் செலவாகும் வேகம் குறைந்திருந்தது. ரெனே ஹென் குழுவினர் செரோடோனினை வாங்கிக்கொள்ளும் ‘1பி’ வகை ஏற்பி இல்லாத சுண்டெலிகளை 1994-இல் உருவாக்கினார்கள். அவையும் அந்நியனைச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் தாக்கின. எல்லாம் வாய்ப்பாட்டின்படிதான். ஆனால் அடுத்த ஆண்டே ஓர்சே எலிகள் வந்தன. அவற்றுக்குச் செரோடோனின் குறையவில்லை, வழிந்தது. அவையும் கடித்தன.

கடலுக்குப் போனால் வாய்ப்பாடு தலைகீழாகிவிடுகிறது. சிங்கி இறாலின் உடம்பில் செரோடோனினை ஊசியால் செலுத்தினால், அது கால்களை நீட்டி உயர எழும்பி, கொடுக்குகளை விரித்து, வந்து பார் என்று நிற்கும். ஆக்டோபமைன் என்ற பொருளைச் செலுத்தினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஹார்வர்டில் எட்வர்ட் கிராவிட்ஸ் ஆய்வகம் 1980-இல் இதைக் காட்டியது. 1997-இல் ராபர்ட் ஹூபரும் கிராவிட்ஸும் சகாக்களும் தோற்று ஒதுங்கிய பிராணிக்குச் செரோடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். தன்னைவிடப் பெரியதோடு மீண்டும் மோதப் போனது. வலிமை கூடிவிட்டதா? இல்லை. எப்போது பின்வாங்குவது என்ற முடிவுதான் மாறியிருந்தது. பால்டிமோர் எலிகளிடம் பார்த்ததும் இதுதான். வேதிப்பொருளும் மரபணுவும் வேறு. ஆனால் குலைந்தது அங்கேயும் இங்கேயும் விலகத் தெரிவது.

குரங்குகளிடம் போனால் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. வெர்வெட் குரங்குக் கூட்டத்தில் தலைவனாக இருந்த ஆணை அகற்றிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு ஆண்களில் ஒன்றுக்கு மட்டும் செரோடோனின் செயல்பாட்டைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தார்கள் மைக்கேல் ராலேயும் மைக்கேல் மெக்குவயரும். மருந்து வாங்கியவனே ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவனானான். ஆனால் அடித்துப் பிடிக்கவில்லை. முதலில் பெண்களருகே போய் உட்கார்ந்து பேன் பார்த்துப் பழகினான். பிறகு தகராறு வந்தபோது பெண்கள் அவன் பக்கம் நின்றார்கள். செரோடோனினைக் குறைக்கும் மருந்து வாங்கியவனோ கூடுதலாகச் சண்டை போட்டும் பதவியைப் பிடிக்க முடியவில்லை. 1991-இல் வந்த இந்த ஆய்வை அரசியல்வாதிகள் யாராவது படித்திருப்பார்களா, தெரியவில்லை.

பழ ஈக்கும் சண்டை உண்டு. ஹெர்மன் டீரிக், ரால்ஃப் கிரீன்ஸ்பான் இருவரும் சான் டியேகோவில் 21 தலைமுறைகள் சண்டைக்கார ஈக்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஈக்கள் பயங்கரச் சண்டைக்காரர்களாயின. தலையில் எந்த மரபணுக்கள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால் பல மரபணுக்களில் சின்னச்சின்ன மாற்றங்கள்தான். அவற்றில் குறிப்பிடும்படி நின்ற ஒன்று சிப்6ஏ20 என்ற மரபணு. 2008-இல் டேவிட் ஆண்டர்சன் குழுவினர் அந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். மோப்ப உறுப்பில், வாடையை உணரும் நரம்பணுக்குப் பக்கத்திலிருக்கும் துணை அணுக்களில். தனியாக வளர்ந்த ஈயில் அந்த மரபணு மந்தமாகவும், கூட்டத்தோடு வளர்ந்த ஈயில் சுறுசுறுப்பாகவும் இருந்தது. 21 தலைமுறைத் தேர்வு தொட்ட அதே மரபணுவைச் சில நாள் சகவாசமும் தொட்டுவிட்டது. தனியாக அடைத்தால் மிலான் எலிக்கு நடந்ததும் இதுதானே.

அப்படியானால் மூளையில் சண்டைக்கென்று ஓர் இடமே இல்லையா? உண்டு. சூரிக்கில் வால்ட்டர் ஹெஸ் பூனையின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் மின்கம்பியைச் செருகி, சாதுவாக இருந்த பூனையைச் சீறவைத்தார். அந்தப் பகுதியில் செய்த வேலைக்காக 1949-இல் நோபல் பரிசும் பெற்றார். 2011-இல் டாயு லின், ஆண்டர்சன் ஆகியோர் கால்டெக்கில் அதைத் துல்லியமாகச் செய்தார்கள். சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சின்னப் பகுதியின் நரம்பணுக்களை ஒளிக்குக் கட்டுப்படும்படி செய்து, மெல்லிய கண்ணாடி இழை வழியே நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். விளக்கு எரிந்ததும் எலி பாய்ந்தது. சாதாரணமாக எந்த ஆண் சுண்டெலியும் தாக்காத பெண்ணையும் தாக்கியது. காற்று ஊதிய ரப்பர் கையுறையையும் தாக்கியது. ஆனால் அதே எலி பெண்ணோடு கூடிக்கொண்டிருக்கும்போது விளக்குப் போட்டால் எளிதில் மசியவில்லை. 2014-இல் இன்னொரு விவரம் வந்தது. அதே அணுக்களை மங்கலான ஒளியால் தூண்டினால் எலி எதிரில் நிற்பதன் மேல் ஏறிப் புணர முயல்கிறது, ஒளியைக் கூட்டினால்தான் கடிக்கிறது. காமத்துக்கும் கோபத்துக்கும் மூளை ஒரே அறையைக் கொடுத்திருக்கிறது. எந்த நேரம் எது என்பதை முடிவு செய்வது அந்த அறைக்கு வெளியே இருந்து வரும் சேதி.

வெளியே என்றால் எவ்வளவு வெளியே? கருப்பையில் பக்கத்தில் யார் படுத்திருந்தார் என்பதுகூடக் கணக்கில் வருகிறது. சுண்டெலிக் கருக்கள் கருப்பையின் இரண்டு கிளைகளிலும் வரிசையாக இருக்கும். இரண்டு ஆண் கருக்களுக்கு நடுவே வளர்ந்த பெண், அவை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறாள். அவள் வளர்ந்தபின் மற்றப் பெண்களைவிடச் சண்டைக்காரியாக இருப்பதை ஃபிரடெரிக் வாம் சால் 1980-இல் காட்டினார்.

இதைவிட அற்பமான ஒன்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் அகப்பட்டது. அங்கே பிரையன் டிரெய்னர் கலிஃபோர்னியச் சுண்டெலிகளில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மூர்க்கம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவந்தார். பகல் நீளம் குறைந்த காலத்தில் அந்த ஹார்மோன் ஆண்களின் மூர்க்கத்தைக் கூட்டும். மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்துக் கூண்டில் பரப்பியிருந்த எலிகளில் மட்டும் அந்த விளைவு காணாமல் போனது. சக்கையில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைக் குழப்பும் சேர்மங்கள் இருக்கின்றன. மலிவு என்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் வாங்கிப் பரப்புகிற சக்கை அது! எத்தனை ஆய்வுகளில் அது சத்தமில்லாமல் பங்கெடுத்திருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஜான் கிராபே, டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டூடெக் ஆகிய மூவர், ஆய்வகச் சூழலே முடிவை மாற்றுமோ என்ற சந்தேகத்தை நேராகவே சோதித்தார்கள். போர்ட்லண்ட், எட்மண்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர்களில், எட்டு வகைச் சுண்டெலிகளை, ஒரே வயதில், ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே நாளில் ஒரே நேரத்தில் சோதித்தார்கள். ‘1பி’ ஏற்பி இல்லாத எலியும் அந்த எட்டில் ஒன்று. அவர்கள் அளந்தது சண்டையை அல்ல, பதற்றம், சுறுசுறுப்பு போன்ற நடத்தைகளை. இவ்வளவு பாடுபட்டும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவு, எலி நடத்தையை ஆராய்கிறவர்களின் தூக்கத்தைக் கொஞ்ச காலம் கெடுத்தது.

கடைசியாகத் தங்க வெள்ளெலி. ஆய்வகங்களில் உள்ள வெள்ளெலிகளில் பெரும்பாலானவை 1930-இல் சிரியாவின் அலெப்போவில் தோண்டியெடுத்த ஒரே தாயின் குட்டிகள் வழி வந்தவை. தனிக்காட்டு ராஜாக்கள். ஆணும் சண்டை போடும், பெண்ணும் போடும். வாசோபிரசின் என்ற மூளை ஹார்மோன் ‘வி1ஏ’ ஏற்பியில் போய் உட்கார்ந்தால் இவற்றுக்குச் சண்டைக்குணம் கிளம்புகிறது என்பதை கிரெய்க் ஃபெரிஸ் 1980-களிலேயே காட்டியிருந்தார். ஏற்பியை மருந்தால் அடைத்தால் சாந்தமாகிவிடும். சரி, அந்த ஏற்பியே இல்லாத வெள்ளெலியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை கொண்டு உருவாக்கினால் அது பரம சாதுவாக இருக்கும் என்று அட்லாண்டாவில் எலியட் ஆல்பர்ஸ், கிம் ஹூமன் குழுவினர் எதிர்பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. ஏற்பி இல்லாத ஆணும் பெண்ணும் தத்தம் பாலினத்தைச் சேர்ந்ததைக் கண்டதும் கடுமையாகச் சண்டை போட்டன. முப்பது ஆண்டுப் புரிதல் ஒரே கூண்டில் தலைகுப்புற விழுந்தது. மருந்து மூளையின் ஓர் இடத்தில் ஏற்பியை அடைத்தது. மரபணுத் திருத்தம் மூளை முழுவதிலும், பிறப்பதற்கு முன்பிருந்தே அதை எடுத்துவிட்டது. ஆல்பர்ஸும் இந்த அமைப்பைத் தாங்கள் நினைத்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்றே சொன்னார்.

கூண்டுக்குள் நிலைமை இப்படியிருக்க, கூண்டுக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நைமேகன் குடும்பத்தில் நொதி அடியோடு இல்லை. ஆனால் அந்த நொதி சற்றுக் குறைவாகச் சுரக்கும் மரபணு வடிவம் உலகம் முழுக்கச் சாதாரணம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. அதற்குப் பத்திரிகைகள் ‘போர்வீரர் மரபணு’ என்று பெயர் சூட்டிவிட்டன. நியூசிலாந்தின் டனீடனில் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆண்களை வைத்து 2002-இல் வந்த ஆய்வு சொன்னது வேறு. அந்த வடிவம் தனியாக வன்முறையைக் கொண்டுவரவில்லை. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டுமே அதன் பாதிப்பு கூடியது. இருந்தும் 2009-இல் இத்தாலியின் டிரியஸ்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவருக்கு இந்த மரபணு வடிவத்தையும் ஒரு காரணமாகக் காட்டித் தண்டனையில் ஓராண்டு குறைத்தது. மூன்று பேரில் ஒருவருக்கு இருப்பதை ஒருவரின் குற்றத்துக்கு விளக்கமாக ஏற்றது என் கணக்கில் தவறு.

நைமேகன் குடும்பத்தின் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்த புருன்னரே, மூர்க்கத்துக்கான மரபணு என்ற பேச்சுக்குப் பொருளில்லை என்று 1990-களிலேயே எழுதிவிட்டார். அந்த நொதியின் மரபணுவில் கோளாறு கண்ட இரண்டாவது குடும்பம் பற்றிய அறிக்கை வர இருபது ஆண்டுகள் ஆயின. 2014-இல்தான் பிரான்சிலிருந்து அது வந்தது. ஆகவே அடுத்த முறை ‘வன்முறை மரபணு’ என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், எந்த விலங்கில் பார்த்தார்கள், ஆணிலா பெண்ணிலா, தனியாக அடைத்தா கூட்டமாக வளர்த்தா என்ற விவரங்களைத் தேடுங்கள். அவை இல்லாத செய்தியை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.